கூடப் படித்தவர் சொல்ல வேண்டியது



நம் அலுவலகத்துக்கு வரும் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒருவகைக் கட்டுரை கூடிக்கொண்டே போகிறது. ‘என்னோடு பள்ளியில் படித்த நண்பர் காலமாகிவிட்டார், அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், வெளியிட முடியுமா?’ என்று கேட்டு வருகிற கட்டுரைகள். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். பத்தாம் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, கல்லூரிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய பெஞ்சுத் தோழர்களைத் தேடிப் பிடித்து மறுபடி சேர்ந்தவர்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒவ்வொருவராக இழக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். காலை வணக்கப் படங்கள் வரும் குழுவில் ஒரு நாள் கறுப்புக் கட்டம் போட்ட படம் வருகிறது. வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். மறுநாள் காலையில் பழையபடி ரோஜாப்பூ. அது போதவில்லை என்று தோன்றுகிறவர்தான் நமக்கு எழுதுகிறார்.

அந்த மனத்தை மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை வெளியிட முடிவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மாதப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பிறந்த ஊர், வாங்கிய பட்டம், வகித்த பதவிகள், ஓய்வு பெற்ற ஆண்டு, பிள்ளைகள் இருக்கும் நாடு. இவை ஒன்றுவிடாமல் இருக்கும். பிறகு, ‘பழகுவதற்கு இனியவர், எளிமையானவர், யாருக்கும் தீங்கு நினையாதவர்.’ முதல் பகுதியை அவருடைய அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டாம் பகுதி தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலேயே இருக்கிறது. கூடப் படித்தவர் மட்டும் சொல்லக்கூடியது எது என்று தேடினால், கட்டுரை அங்கே மௌனமாகிவிடுகிறது.

நம் இலக்கண மரபு கூடப் படித்தவரை இவ்வளவு சாதாரணமாக நினைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், அதன் முன்னுரையான பாயிரப் பகுதியில் இதற்கென்றே விதி வைத்திருக்கிறார். உலகில் அதுவரை தோன்றாத ஒன்றைப் படைத்தவனானாலும், பல துறைகளைக் கரைகண்டவனானாலும், தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறார். சரி, அவனைப் பற்றி வேறு யார் சொல்வது? நால்வரைக் காட்டுகிறார்: அவனுடைய ஆசிரியர், அவனோடு படித்தவர், அவனுடைய மாணவர், அவன் நூலுக்கு உரை எழுதத் தகுந்தவர். இந்த நால்வரும் அவனைப் பற்றிச் சிறப்புப் பாயிரம் சொல்வது கடமை என்பது விதி. உறவினர் பட்டியலில் இல்லை. ஊர்ப் பெரியவர் இல்லை. பரிசில் கொடுத்த வள்ளலும் இல்லை. சக மாணவன் இருக்கிறான்.

நால்வரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் அவனை மேலிருந்து பார்த்தவர். மாணவர் அண்ணாந்து பார்த்தவர். உரைகாரருக்கு ஆளைவிட நூல்தான் நெருக்கம். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாடத்தைக் கேட்டு, ஒரே ஆசிரியரிடம் திட்டு வாங்கி, அவனுக்கு எது புரிந்தது, எது கடைசிவரை புரியவில்லை என்பதைச் சமமாக இருந்து பார்த்தவர் ஒருவர்தான்.

அந்தப் பாயிரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் நன்னூல் எட்டாக வகுத்துத் தருகிறது. நூலை ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் நிலத்தின் எல்லை, நூலின் பெயர், தொகுத்த விதம், பேசும் பொருள், கேட்க உரியவர் யார், கேட்பதால் வரும் பயன். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறது அடுத்து வரும் சூத்திரம். பட்டியலை மறுபடி படியுங்கள். எல்லாமே செய்தி. ‘இனியவர், எளியவர்’ என்பதற்கு அதில் இடமே இல்லை.

தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் செய்தவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரோடு ஒருசாலையில் படித்தவர் என்பது உரையாசிரியர்கள் வழி வரும் செய்தி. இன்று நம் கைக்கு எட்டும் மிகப் பழைய தமிழ் நூலைத் திறந்தால் முதலில் கேட்பது வகுப்புத் தோழனின் குரல் என்று அந்த மரபு சொல்கிறது. அவர் என்ன சொல்கிறார்? வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்கிறார். நூல் எந்தப் பாண்டியன் அவையில் அரங்கேறியது, அதங்கோட்டாசானுக்கு எப்படிக் குற்றமறக் காட்டப்பட்டது, தன் நண்பன் ஐந்திரம் என்ற இலக்கணம் கற்றவன், அவன் பெயர் தொல்காப்பியன். இவ்வளவுதான். தொல்காப்பியர் என்ற மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு இந்தச் சில அடிகளிலிருந்து வந்தது. பனம்பாரனார் இதை விட்டுவிட்டு நண்பனின் நற்குணங்களை மட்டும் பாடியிருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம்!

நமக்கு நெருங்கிய காலத்தில் இந்தக் கடமையை முழுதாகச் செய்தவர் உ.வே.சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தது 1871இல். பூவாளூர் தியாகராச செட்டியார் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதே ஆசிரியரிடம் படித்தவர். வயதில் உ.வே.சா.வைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டு மூத்தவர். ஒரே நாளில் ஒரே திண்ணையில் உட்கார்ந்து படிக்காவிட்டாலும் இருவரும் ஒருவருக்கே மாணவர்கள். பழைய தமிழ்க் கல்வியில் அதுவே உடன்பிறப்புக்கு நிகரான உறவு.

செட்டியார் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். கண்டிப்புக்கும் முன்கோபத்துக்கும் பெயர் பெற்றவர். இலக்கணத்தில் பிழை பொறுக்காதவர். ஆசிரியர் பெயரை எடுத்தாலே உருகிவிடுகிறவர். உடல்நலம் குன்றி ஓய்வு பெற வேண்டிய நேரம் வந்தபோது தன் நாற்காலி யாருக்குப் போக வேண்டும் என்று யோசித்தார். திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போனார். அங்கே ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அன்பில் இருந்துகொண்டிருந்த இளம் உ.வே.சா.வைக் கல்லூரிக்கு அனுப்பும்படி கேட்டார். மடத்துக்கு அவரை விட மனமில்லை. செட்டியார் விடவில்லை. கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் எடுத்துச் சொல்லி, அங்கே நடந்த சோதனைக்கும் அவரை உட்படுத்தி, 1880 பிப்ரவரி 16 அன்று உ.வே.சா. அந்த வேலையில் சேரும்வரை கூடவே நின்றார்.

இதில் செட்டியாருக்கு லாபம் ஒன்றுமில்லை. தமிழுக்கு வந்த லாபம் பெரிது. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, கும்பகோணத்துக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வி அவரை ஏட்டுச்சுவடிகளின் பக்கம் திருப்பிவிட்டது. சீவக சிந்தாமணி 1887இல் அச்சாகி வந்தது. பின்னாலேயே 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. உ.வே.சா. மடத்திலேயே இருந்திருந்தால் அந்த முனிசீபைச் சந்தித்திருப்பாரா? நாம் இன்று சங்கத்தமிழ் என்று படிக்கிறவற்றில் ஒரு பகுதியாவது, மூத்த ஒருசாலை மாணாக்கர் ஒருவர் தன் இடத்தை இளையவருக்கு விட்டுக் கொடுத்த அந்த முடிவுக்குக் கடன்பட்டிருக்கிறது.

செட்டியார் 1888இல் மறைந்தார். பதிப்பு வேலை, சுவடி தேடும் பயணம், கல்லூரிப் பாடம் என்று உ.வே.சா.வின் வாழ்க்கை ஓய்வில்லாமல் ஓடியது. ஆனாலும் அவர் மறக்கவில்லை. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933, 1934 ஆண்டுகளில் வெளியிட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் தன் சரித்திரத்தை எழுதியபோது செட்டியார் அதில் அடிக்கடி வந்தார். அதுவும் போதாதென்று ‘வித்துவான் தியாகராச செட்டியார்’ என்று தனி நூலே எழுதினார். அது வந்தது 1942இல். அந்த ஆண்டு ஏப்ரலில் உ.வே.சா. காலமானார். நண்பர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, எண்பத்தேழு வயது முதியவர் தன் ஒருசாலை மாணாக்கரின் வாழ்க்கையைப் புத்தகமாக்கிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் செட்டியார் இன்று ஏதோ ஓர் அடிக்குறிப்பில்தான் இருந்திருப்பார். உ.வே.சா. காட்டும் செட்டியார் கோபப்படுகிறார், பிடிவாதம் பிடிக்கிறார், மாணவர்களை விரட்டுகிறார். அதனால்தான் அவர் பெருந்தன்மையும் நமக்கு நம்பும்படி இருக்கிறது.

இன்னொரு இணையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கரிசல் கிராமம். அங்கே ஏறக்குறைய ஒரே வயதில் வளர்ந்த இரண்டு பையன்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். இருவருக்கும் பிறந்தநாள் செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில். வகுப்பறையைவிட விளாத்திகுளம் சுவாமிகளின் இசையும் புத்தகங்களும்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அழகிரிசாமி முதலில் எழுதத் தொடங்கி, சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை செய்து, மலாயாவில் ‘தமிழ் நேசன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்துவிட்டு, 1957இல் திரும்பி வந்தார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். ஊருக்கு வெளியே போன நண்பன் ஊரில் இருந்த நண்பனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான்.

அழகிரிசாமி 1970 ஜூலை 5 அன்று, நாற்பத்தேழு வயது நிரம்பும் முன்பே மறைந்தார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கான சாகித்ய அகாதெமி பரிசு அவர் மறைவுக்குப் பிறகே வந்தது. கி.ரா. 2021 மே மாதம் வரை இருந்தார். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் அவர் செய்த காரியங்களில் ஒன்று, நண்பன் தனக்கு எழுதிய கடிதங்களைக் காப்பாற்றி வைத்திருந்து புத்தகமாக வரச் செய்தது. அழகிரிசாமியின் கதைகளைப் படித்தால் எழுத்தாளர் தெரிவார். அந்தக் கடிதங்களில்தான் வேலை தேடி அலைகிற, பாட்டுக்கு ஏங்குகிற, படித்த புத்தகத்தை உடனே நண்பனிடம் சொல்லத் துடிக்கிற இளைஞர் தெரிகிறார். கடிதத்தை எழுதியவர் ஒருவர் என்றாலும் அது நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் வாங்கியவர். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பதும் நண்பனுக்குப் பாயிரம் எழுதுவதில் சேர்த்திதான்.

‘இவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள், என் நண்பர் சாதாரண ஆள்’ என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக என் வகுப்புத் தோழன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனும் அண்மையில் காலமானான்.

டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஒன்றாகப் படித்தோம். பிளஸ் டூ தமிழ்நாட்டுக்கு வந்த புதிது அது. கணக்கில் அவன்தான் முதல். எங்கள் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் பாதியில் நிறுத்திவிட்டு, ‘மிச்சத்தை நீ போடு’ என்று சாக்பீஸை அவனிடம் கொடுப்பார். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பான். அவன் கை பட்ட ஒரு டப்பா ரேடியோவில்தான் எங்கள் தெருப் பையன்கள் இலங்கை வானொலி கேட்டோம். அப்பா திடீரென்று இறந்தார். அத்தோடு படிப்பு நின்றது. மாமா கொண்டுபோய் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பில் சேர்த்துவிட்டார். பிறகு மின்வாரியத்தில் வேலை கிடைத்தது. வாழ்நாள் முழுக்கக் கம்பம் ஏறினான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. தென்னை மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் ஒடிந்தன என்று செய்தி வந்தது. அவன் வீட்டுக் கூரையும் போயிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு வேலைக்குப் போனான். வயலுக்குள் சேற்றில் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள் அவனும் கூட இருந்தவர்களும். நான் போனில் கேட்டபோது, ‘என் வீட்டுக்குக் கடைசியாத்தான்டா கரண்ட் வந்துச்சு. அதுதான் முறை’ என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

நம் இதழின் தீவிர வாசகன் அவன். கதாசிரியர் ஒருவர், மழையில் வெறுங்காலோடு கம்பத்தில் ஏறும் லைன்மேனைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தார். இதழ் கைக்குக் கிடைத்த அன்றே போன் வந்தது. ‘எழுதுனவரை ஒரு நாள் என்கூட அனுப்பி வையிடா. கரண்ட்டை நிறுத்தி லைன் கிளியர் வாங்காம எவனும் ஏற மாட்டான்னு காட்டுறேன்!’

துக்கம் கேட்கப் போனபோது அவன் மகளிடம் கரும்பலகைக் கதையையும் ரேடியோக் கதையையும் சொன்னேன். அப்பாவுக்குக் கணக்கு வரும் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தன் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை அவன் ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லையாம். விட்டுப்போன படிப்பின் பக்கமே அவன் திரும்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனைவிக்கு இருபத்தைந்து வயதுக்குப் பிறகுள்ள ஆளைத் தெரியும். பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகுள்ள ஆளைத் தெரியும். அலுவலகத்துக்குப் பணி எண் தெரியும். பதினைந்து வயதில் அவன் என்னவாக ஆசைப்பட்டான் என்பது கூடப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்ல அம்மா அப்பா இப்போது இல்லை. வாத்தியார்களும் இல்லை. நாம்தான் மிச்சம். நாமும் போய்விட்டால் அந்த வாழ்க்கையின் முதல் இருபது ஆண்டுக்குச் சாட்சியே இல்லை.

ஆகவே நண்பரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பத்திரிகைக்காரனாகச் சில யோசனைகள் சொல்கிறேன்.

பதவியிலிருந்து தொடங்காதீர்கள். வகுப்பிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பாடம் அவருக்கு வந்தது, எது வரவில்லை, சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவருவார், எதற்காக அடி வாங்கினார், யாரோடு சண்டை போட்டார் என்று எழுதுங்கள். ஆண்டையும் ஊரையும் ஆசிரியர்களின் பட்டப்பெயரையும் விடாதீர்கள். அவர் படிப்பை விட்டாரா, ஊரை விட்டாரா, ஆசையை விட்டாரா? ஏன்? அதை எழுதுங்கள். கோபக்காரர் என்றால் கோபக்காரர் என்றே எழுதுங்கள். குடும்பத்தைப் புண்படுத்துகிற ரகசியத்தை விட்டுவிடலாம். ஆளை அடையாளம் காட்டுகிற குறையை விட வேண்டாம். ‘இனியவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அவர் இனியவராக நடந்துகொண்ட ஒரு நாளைச் சொல்லுங்கள். பழைய கடிதம், குழுப்படம், ஆட்டோகிராப் நோட்டு இருந்தால் தேடி எடுங்கள். படத்தின் பின்பக்கம் யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொன்று. இறந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பனம்பாரனார் பாயிரம் செய்தது நூல் அரங்கேறியதைப் பாராட்டித்தான். உங்கள் நண்பர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். பிழை இருந்தால் அவரே திருத்துவார். நீங்கள் மறந்ததை அவர் சொல்வார். உங்களைப் பற்றி நீங்களே மறந்துபோன ஒன்றும் அப்போது வெளியே வரும்.

அடுத்த இதழ் முதல் இத்தகைய கட்டுரைகளுக்கென்று நம் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். நண்பர் புகழ் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. கம்பம் ஏறியவர், கடை வைத்திருந்தவர், வயல் பார்த்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் யாராக இருந்தாலும் சரி. குறிப்பாகப் பெண்கள் எழுத வேண்டும். கல்யாணத்தோடு ஊரும் முகவரியும் மாறி, கூடப் படித்தவர்களைத் தொலைத்தவர்கள் அவர்கள்தான் அதிகம். தேடிக் கண்டுபிடித்த கதையையே எழுதி அனுப்பினாலும் வரவேற்போம்.

நானூறு சொற்களுக்குள் எழுதுங்கள். கையெழுத்தில் அனுப்பினாலும் போதும். நண்பரின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிரதி ஒன்றை அவர்கள் வீட்டுக்குக் கட்டாயம் கொடுங்கள். இங்கே அச்சாகிறதோ இல்லையோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் அது இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்